சுமைதாங்கி

பழைய வழித்தடங்களின் ஓரத்தில் இன்றும் சில ஊர்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. நட்டு நிறுத்திய இரு கற்களின்மேல் கிடையாக ஒரு கல், அவ்வளவே. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறவும், பின்னர் ஏற்றிக்கொண்டு நடக்கவும் ஏற்ற உயரத்தில் அது அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. தலைச்சுமைக்கு இவ்வாறு வழி கண்டோர், மனச்சுமையை எவ்வாறு இறக்கி வைக்கின்றனர்?

மன அழுத்தம் மனத்தளவில் நின்றுவிடுவதன்று. ஆபத்தை உணர்ந்தவுடன் சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் ஆகியவற்றைக் குருதியில் கலக்கின்றன. இதயத் துடிப்பு விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, செரிமானம் தளர்கிறது. வினாத்தாளை வாங்கும் வேளையில் வயிற்றைப் பிசைவது இதனால்தான். இது நோயன்று, எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகும் நிலை. ஆபத்து நீங்கியதும் தணிந்துவிடும். தணியாது நீடிக்கும்போதுதான் தீங்கு. குளிர், காயம், நச்சு எனத் துன்பம் எதுவாயினும் எலிகளின் உடலில் ஒரே வகை மாற்றங்கள் தோன்றுவதை ஹான்ஸ் செல்யே 1936ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அவற்றுள் இரைப்பைப் புண்ணும் ஒன்று.

தேர்வு நெருங்குகிறது. ஒரு மாணவருக்குக் கணக்கில் இரண்டு இயல்கள் விளங்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் அச்சம் எழுகிறது. மூடிவிட்டுக் கைப்பேசியை எடுத்தால் அச்சம் அகல்கிறது. அகன்றது அச்சம் மட்டுமே. இயல்கள் அங்கேயே இருக்கின்றன. இதற்குள் மனம் ஒரு பாடத்தைக் கற்றுவிடுகிறது: விலகினால் நிம்மதி. மறுநாள் அதே புத்தகம் முன்னிலும் அச்சந்தருவதாகிவிடுகிறது. மதுவும் புகையிலையும் இவ்வழியினவே. புகைப்பவர் அமைதி என்று கருதுவது, பெரும்பாலும், முன்பு புகைத்ததன் நிகோட்டின் குறைந்ததால் எழுந்த தவிப்பு அடங்குவதேயாகும்.

ஆயினும் கைப்பேசியைத் தொடுவதே குற்றம் என்பது மிகைக் கூற்று. அரைமணி நேரம் பந்தாடிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்புபவர் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறியவர். திரும்பாதவர் அதை வழியிலேயே விட்டுச் சென்றவர். செயல் ஒன்றாக இருப்பினும் விளைவு வேறாகிறது.

லாசரஸ், ஃபோக்மன் என்னும் உளவியலாளர்கள் 1984இல் வெளியிட்ட நூலில், துன்பத்துக்குக் காரணமான சிக்கலைக் கையாளுதல், அதனால் எழும் உணர்ச்சியைக் கையாளுதல் என எதிர்கொள்ளும் முறைகளை இருவகைப்படுத்தினர். விளங்காத இயலுக்கு முதல்வகை பொருந்தும். ஆசிரியரிடம் கேட்டுத் தெளியலாம். பெற்றோரை இழந்த பிள்ளைக்கு எதைக் கேட்டுத் தெளிவது? அங்கு இரண்டாம் வகையே துணை. ஊர்ப்புறங்களில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி பாடுவது இறந்தவரை மீட்பதற்கன்று. துயரைத் தனியே சுமவாமைக்கு. ஆண்பிள்ளை அழலாகாது என்று கண்டிக்கும் பெரியோர், அந்த வழியை அவனுக்கு அடைத்துவிடுகின்றனர்.

எழுதுவதும் ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் பென்னபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர் சிலர் தம் வாழ்வின் கடுந்துயரைப் பற்றி நாளொன்றுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள் எழுதினர். நிகழ்ந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியோருக்கு, எழுதி முடித்தவுடன் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, மனமும் சோர்ந்திருந்தது. ஆனால், அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. உடனடியாக இதம் தருவது நன்மை என்றும், உடனடியாக வருத்துவது தீமை என்றும் கொள்ளும் கணக்கு இங்குப் பிழைபடுகிறது.

உறக்கமின்மை, உண்ண மனமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியன வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழவே வேண்டாம் என்னும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, அது தனியொருவர் தாங்கும் சுமையன்று. ‘இந்த வயதில் உனக்கென்ன கவலை?’ என்று கேட்பவரிடம் சொல்லத் தயங்குவது இயல்பே. அவ்வாறு கேளாத ஆசிரியரோ, அத்தையோ, தோழரோ ஒருவர் இருக்கக்கூடும். எவரும் இல்லையெனினும், நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவை உண்டு. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.