விக்கிப்பீடியாவில் எழுத வரும் நம் பிள்ளைகளுக்கு

இன்று ஓர் ஊரின் வரலாற்றைத் தேடுபவர்கள் முதலில் திறந்து பார்ப்பது விக்கிப்பீடியாவைத்தான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதில் எழுதுபவர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டையில் படிக்கும் நம் பிள்ளைகளும் எழுதலாம், எழுத வேண்டும்.

ஆனால் ஆர்வத்தோடு எழுதிய வரிகள் மறுநாளே நீக்கப்பட்டால், 'நம் சமுதாயம் என்பதால் அழித்துவிட்டார்கள்' என்று மனம் நொந்து பலர் விலகிவிடுகிறார்கள். அதற்குமுன், எழுதிய விதம் அங்குள்ள 'நடுநிலை நோக்கு' விதிக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்போம்.

தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 'ஆங்கிலேயர் வஞ்சகமாகப் பறித்த கோட்டை' என்று எழுதினால் அது நம் கோபம். '1690இல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தூரம் வரையுள்ள கிராமங்களும் அதில் சேர்ந்தன' என்று மேற்கோளுடன் எழுதினால் அது தகவல். அந்தப் பேரம் நியாயமா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்வார்.

நமக்குப் பிடித்தவர் தோற்ற இடத்தில்தான் சோதனை கடினமாகிறது. 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டை அருகே நடந்த போரில் ஹைதர் அலி, அயர் கூட்டின் படையிடம் தோற்றார். அதை மறைக்கக் கூடாது. 'வீரமாகப் பின்வாங்கினார்' என்று பூசி மெழுகவும் கூடாது. அதேபோல, ஹைதரின் படையில் இறந்தவர்கள் இத்தனை ஆயிரம் என்று ஆங்கிலேயத் தரப்பு சொன்ன கணக்கை அப்படியே உண்மையாக எழுதுவதும் நடுநிலை அல்ல. 'ஆங்கிலேயத் தரப்பின் மதிப்பீட்டின்படி' என்று சேர்க்க வேண்டும். 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் நல்ல ஆதாரம்தான். ஆனால் அதுவும் ஆட்சியாளர் தரப்பின் நூல் என்பது நினைவில் இருக்கட்டும்.

நபி (ஸல்) அவர்களின் பெயரை எழுதும்போது ஸலவாத் சொல்வது நம் கடமை. ஆனால் கலைக்களஞ்சியம் எல்லா மதத்தினருக்கும் பொதுவான நடையில் எழுதப்படுகிறது. எந்தத் தலைவருக்கும் மரியாதை அடைமொழி சேர்ப்பதில்லை. எனவே அங்கே '(ஸல்)' நீக்கப்பட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாவால் சொல்லிக்கொண்டே எழுத நமக்கு யாரும் தடையில்லை.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய வேறு சில:

• முதலில் 'மணல்தொட்டி'யில் எழுதிப் பழகுங்கள். பிறகு ஏற்கெனவே உள்ள கட்டுரையில் பிழை திருத்துங்கள்.

• நம் குடும்பம், நம் ஜமாஅத், நாம் படிக்கும் மதரஸா பற்றி நாமே எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது.

• பாட்டனார் சொன்ன செய்தி விலைமதிப்பற்றது, ஆனால் அங்கே ஆதாரமாகாது. அதைப் பதிவு செய்து, நூலாகவோ இதழ்க் கட்டுரையாகவோ வெளிவரச் செய்யுங்கள்.

• நாளிதழ், நூல்களின் வரிகளை அப்படியே நகல் எடுக்காதீர்கள். படித்துவிட்டுச் சொந்த நடையில் எழுதுங்கள்.

• எழுதியதை யாராவது நீக்கினால் திரும்பத் திரும்பச் சேர்த்துச் சண்டையிடாதீர்கள். கட்டுரையின் 'உரையாடல்' பக்கத்தில் ஆதாரத்தைக் காட்டிக் காரணம் கேளுங்கள். உண்மையிலேயே பாரபட்சம் நடந்திருந்தால், அங்கே பதியும் நிதானமான கேள்விதான் மற்ற பயனர்களை நம் பக்கம் நிறுத்தும்.

பெற்றோர்களும் பிள்ளை எழுதியதை ஒருமுறை படித்து, 'இதை யார் சொன்னது?' என்று கேட்கலாம். அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகச் சோதித்து ஹதீஸ்களைத் தொகுத்த இமாம்களின் வழிவந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நமக்கும் நம் உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதியுடன் சாட்சி சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பரங்கிப்பேட்டைப் போரைப் பற்றி ஒரு வரி எழுதும்போதும் அது பொருந்தும்.