சேதுவிலிருந்து காசி வரை: நதிகளைத் தரிசித்துச் செல்லும் நெடும்பயணம்

திருமண வைபவத்தில் காசி யாத்திரை என்றொரு சடங்கு உண்டு. குடையும் விசிறியும் ஏந்தி, பரதேசிக் கோலத்தில் மணமகன் புறப்படுவான். பெண்ணின் தந்தை வழிமறித்து, இல்லறம் நடத்திய பின் துணைவியோடு செல்லலாம் என்று கூறி அழைத்து வருவார். அவ்வாறு திரும்பி வந்தவர்களுள் பலர், பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்திகளைக் கண்டு, சதாபிஷேகத்தையும் கடந்துவிடுகின்றனர். அன்று நின்றுபோன யாத்திரையோ நெஞ்சில் ஓர் ஏக்கமாகவே தங்கிவிடுகிறது.

ரயிலிலும் விமானத்திலும் காசி செல்வது இன்று எளிது. ஆயினும், சாலை வழியாகவே சென்றுவர வேண்டும் என்று பல்லாண்டுகள் ஆவல் கொண்டிருப்போர் உண்டு. அந்த ஆவலுக்குத் தக்க பொருளும் உண்டு.

நீராடும்போதும் கலசத்தில் நீர் நிறைக்கும்போதும் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி ஆகிய ஏழு நதிகளையும் எழுந்தருளுமாறு வேண்டுவது நம் மரபு. ஆண்டுக்கணக்கில் நாவால் அழைத்த அந்த நதிகளைக் கண்ணாரக் காணும் பேற்றைச் சேதுவிலிருந்து காசிக்குச் செல்லும் சாலை தருகிறது. கரூரைக் கடந்ததும் வேலூர்ப் பாலத்தில் காவேரி. கர்நூலில் துங்கபத்திரை. அதற்கப்பால் கிருஷ்ணா. ஐதராபாத்துக்கு வடக்கே நிர்மல் நோக்கிச் செல்கையில் கோதாவரி. நாகபுரியைத் தாண்டி ஜபல்பூரை நெருங்கும்போது நர்மதை. பிரயாகையில் நுழையும்போது யமுனை, அங்கிருந்து காசிக்குப் புறப்படும்போது கங்கை. சரஸ்வதி அந்தர்வாகினியாகத் திரிவேணியில் கலந்திருக்கிறாள். ஏழனுள் சிந்து ஒன்றே எஞ்சி நிற்கிறது.

இந்தப் பாதை புதியதன்று. சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பவர் 1830-ஆம் ஆண்டு மே மாதம் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டார். ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியே பிரயாகையையும் காசியையும் கயையையும் தரிசித்து, 1831 செப்டம்பரில் வீடு திரும்பினார். பதினைந்து மாதங்களுக்கு மேல் நீண்ட அந்த அனுபவத்தைத் தெலுங்கில் விரிவாக எழுதி வைத்தார். அக்காலத்தில் காசிக்குச் செல்வோர் கடன்களைத் தீர்த்து, உடைமைகளுக்கு ஏற்பாடு செய்து, உற்றார் அனைவரிடமும் விடைபெற்றே கிளம்பினர். திரும்பி வருவது உறுதியில்லாத பயணம் அது.

இன்று இராமேசுவரத்திலிருந்து காசிக்குச் சாலை வழியே சுமார் 2,400 கிலோமீட்டர். 1988-ஆம் ஆண்டு பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டதால் திருக்கோயில் வாசல் வரை வாகனம் செல்கிறது. மதுரையிலிருந்து மத்தியப் பிரதேசம் வரை தேசிய நெடுஞ்சாலை 44 வழித்துணையாக வருகிறது. வேகமாகச் சென்றால் நான்கு நாட்களில் அடைந்துவிடலாம். ஆனால், முதியோருக்கு அந்த வேகம் ஆகாது. நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் என வகுத்துக்கொண்டால் எட்டு நாட்களில் காசியை அடையலாம். பொழுது சாயும் முன் தங்குமிடம் சேர்வதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சிறிது நடப்பதும் உடலுக்கு நல்லது. மருத்துவரின் ஒப்புதலும், பயண நாட்களுக்கும் சற்றுக் கூடுதலாகவும் மருந்துகளும், மாற்றி மாற்றி வண்டி ஓட்ட இருவரும் இன்றியமையாதன.

பருவமும் முக்கியம். மார்கழி, தை மாதங்களில் கங்கைச் சமவெளியில் மூடுபனி சாலையையே மறைத்துவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் தாங்காது. ஐப்பசியும் கார்த்திகையும், மாசியின் பிற்பகுதியும் பங்குனியும் ஏற்றவை. காசியின் படித்துறைகள் செங்குத்தானவை. நடை தளர்ந்தோர் படகில் அமர்ந்தே கங்கையைத் தரிசிக்கலாம், நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். இயலாத உடலை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

யாத்திரையின் முறை சேதுவில் தொடங்குகிறது. இராமேசுவரத்தில் நீராடி, மணலை மூன்று லிங்கங்களாகப் பிடித்து, சேது மாதவர், பிந்து மாதவர், வேணி மாதவர் எனப் பாவித்துப் பூஜிப்பர். இரண்டை அங்கேயே கடலில் சேர்த்துவிட்டு, வேணி மாதவராகப் பூஜித்த மணலை மட்டும் உடன் எடுத்துச் செல்வர். அதனைத் தூய துணியில் முடிந்து, காலடியில் படாதவாறு வாகனத்தில் உயரமான இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரயாகையில் அந்த மணல் திரிவேணியில் கரைகிறது. அங்கே தம்பதியர் செய்யும் வேணி தானம் உள்ளத்தை உருக்குவது. மனைவியின் கூந்தலைக் கணவரே பின்னி, நுனியைச் சிறிதளவு கத்தரித்து, சங்கமத்தில் சமர்ப்பிக்கிறார். நரைத்த கூந்தலை நடுங்கும் விரல்களால் பின்னும்போது, உடன் வாழ்ந்த ஆண்டுகள் அனைத்தும் அந்தப் பின்னலில் சேர்ந்துவிடுகின்றன. பிறகு காசியில் விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர் தரிசனம். கயையில் விஷ்ணு பாதத்திலும் அட்சயவடத்தடியிலும் முன்னோருக்குப் பிண்டம் அளித்து, விருப்பமான காயோ கனியோ ஒன்றைத் துறப்பர். திரிவேணியில் முகந்த கங்கை நீரால் இராமநாதருக்கு அபிஷேகம் செய்த பின்னரே யாத்திரை நிறைவுறும்.

இத்தனை தூரம் செல்ல இயலாதவர்களை நம் முன்னோர் மறக்கவில்லை. காசிக்குச் செல்ல முடியாதோரும் விசுவநாதரைத் தரிசிக்க வேண்டும் என்றே, பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியர் தென்காசியில் ஆலயம் எழுப்பினார் என்பர். மருத்துவர் வேண்டாம் என்று கூறிவிட்டால், தென்காசியில் நின்று கைகூப்புவதில் குறையேதும் இல்லை.

ஆனால், உடலில் வலுவிருந்தும் பேத்தியின் திருமணம் முடியட்டும், வீட்டு வேலை தீரட்டும் என்று ஆண்டுதோறும் தள்ளிப்போடுவோர் சற்றுச் சிந்திக்க வேண்டும். இல்லத்தின் கடமைகள் ஒருநாளும் முற்றிலும் தீர்வதில்லை. முழங்காலின் வலு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அழைத்துச் செல்லப் பிள்ளைகள் முன்வரும்போது, அவர்களுக்குச் சிரமம் என்று பெற்றோர் மறுப்பதும் உண்டு. பெற்றோரைக் காசிக்கு அழைத்துச் சென்ற புண்ணியம் பிள்ளைகளுக்கும் வேண்டாமா?

யாத்திரைக்கு நாள் பார்ப்பது நல்லது. நாளைக் கடத்துவது நல்லதன்று. சென்று திரும்பியதும் கங்கா பூஜையும் சமாராதனையும் செய்து, செம்பிலுள்ள தீர்த்தத்தைச் சுற்றத்தாருக்கு வழங்குவது வழக்கம். படுக்கையை விட்டு எழ இயலாத முதியவர் எவரேனும் அண்டையில் இருப்பின், அவருக்கு முதலில் ஓர் உத்தரணி வார்க்கலாம்.