வில்லங்கச் சான்று வெள்ளத்தைச் சொல்லாது

ஒவ்வொரு கார்த்திகை மழைக்குப் பிறகும் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் பார்த்தவர்கள் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். உள்ளே கிரயப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, வக்கீல் கொடுத்த ஒப்பீனியன், வங்கிக் கடன் ஆணை எல்லாம் இருக்கும். “எல்லாம் கிளியராத்தானே இருக்கு, அப்புறம் எப்படித் தண்ணி வந்துச்சு?” என்று கேட்கிறார்கள். தாள்களில் குறையில்லை. அவற்றில் ஒன்றாவது தண்ணீரைப் பற்றிப் பேசுகிறதா என்று வாங்கும்போது யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பட்டா, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும். வில்லங்கச் சான்று, அதை யார் யாருக்கு விற்றார், அடமானம் வைத்தார் என்று சொல்லும். வங்கிக்காரர் பார்ப்பது கடன் திரும்பி வருமா என்பதை. மழை எந்தப் பக்கம் ஓடும் என்று இவர்கள் யாரும் உங்களுக்காகப் பார்க்கவில்லை.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள்; அதே நாட்களில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில்தான் போக முடிந்தது. அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையே சொன்னது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் உங்கள் மனை எந்த ஏரிக்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியும். தாலுகா அலுவலகத்தில் அது எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஆவணத்தின் பெயர் ‘அ’ பதிவேடு. புல எண் வாரியாக நிலம் அரசுடையதா தனியாருடையதா, நஞ்சையா புஞ்சையா, என்ன பரப்பு என்று அதில் வரும். யாரும் படிக்காத ஒரு கலம் பாசன ஆதாரம். அங்கே ஓர் ஏரியின் பெயர் இருந்தால் உங்கள் மனை ஒரு காலத்தில் அந்த ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதன் பாசன நிலம், என்று அர்த்தம். மதகைத் திறந்தால் தண்ணீர் தானாக ஓடிவரும் அளவுக்குப் பள்ளத்தில் இருந்ததால்தான் அது ஆயக்கட்டு ஆனது. கரை உடைந்தாலும், உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழிந்தாலும் அதே தண்ணீர் அதே வழியில்தான் வரும். மேலே இரண்டடி கிராவல் கொட்டி, ஆர்ச் வைத்து, ‘கார்டன்’ என்று பெயர் எழுதிவிட்டால் மட்டம் மாறிவிடாது.

‘அ’ பதிவேட்டின் சுருக்கத்தை வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் பார்க்கலாம். புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அங்கேயே வழி உண்டு. அதோடு நிறுத்திவிடாதீர்கள். முழுப் பதிவும் வேண்டுமானால் தாசில்தாருக்கு மனு எழுதிச் சான்றிட்ட நகல் கேளுங்கள். “பட்டாதான் இருக்குல்ல, அது எதுக்கு?” என்று கேட்பார்கள். மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது வரைபடம். புலப்படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். அது உங்கள் புல எண்ணோடு முடிந்துவிடும். பக்கத்துப் புல எண்ணில் ஓடும் ஓடை உங்கள் வீட்டுப் பின்சுவரில் முட்டுகிறதா என்று கிராம வரைபடம்தான் காட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அது இருக்கும். ஏரி, கரை, கலங்கல், உபரிநீர் வாய்க்கால் நான்கையும் அதில் விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். வரைபடத்தில் வாய்க்கால் இருந்து, மனைப்பிரிவு நோட்டீஸில் அந்த இடம் முப்பதடி ரோடாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சர்வேயரை வைத்துக் கலங்கல் மட்டத்திலிருந்து மனை வரை லெவல் எடுக்கச் சொல்லுங்கள். பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை.

இனி, மிக முக்கியமான தாள். நீர்நிலையை ஒட்டி வரும் மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும்போது, வெள்ளப் பாதிப்பு நோக்கில் நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று கேட்கப்படுகிறது. அந்தக் கடிதம் வெறும் ஒப்புதல் அல்ல. மனையை எத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், எங்கே வடிகால் கட்ட வேண்டும், வாய்க்காலை எத்தனை அகலத்துக்கு விட வேண்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். அனுமதி வந்ததும் கடிதம் கோப்புக்குள் போய்விடுகிறது. நிபந்தனை நிறைவேறியதா என்று போய்ப் பார்க்க எந்த அலுவலகத்துக்கும் நேரமிருப்பதில்லை. விற்பவர் அதை உங்களிடம் காட்டப்போவதும் இல்லை.

கேளுங்கள். கொடுக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தப் பகுதி நீர்வளத்துறைச் செயற்பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். “எங்கள் மனை மூழ்குமா?” என்று மட்டும் எழுதாதீர்கள். இது கருத்து, தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பிவிடுவார்கள். இப்படி எழுதுங்கள்: “இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இன்னதில் அமைந்த மனைப்பிரிவுக்கு வெள்ளப் பாதிப்பு நோக்கில் வழங்கப்பட்ட தடையில்லாச் சான்றின் நகலும், நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டதை ஆய்வு செய்த அறிக்கையின் நகலும் வேண்டும்.” 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. பலர் இந்தக் கெடுவைக் கோட்டைவிட்டுப் பிறகு புலம்புகிறார்கள்.

‘வெள்ளமே வராத இடம்’ என்று அச்சடித்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையும் அழிக்காதீர்கள். ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு கேட்கவும், பணத்தை வட்டியோடு திரும்பப் பெறவும் வழி தருகிறது. புகார் போக வேண்டிய இடம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். நோட்டீஸ் கையில் இல்லையென்றால் உங்கள் வாய்ச்சொல்லும் விற்றவர் வாய்ச்சொல்லும்தான் மிஞ்சும்.

மனையைப் பார்க்கச் சித்திரையில் போகாதீர்கள். தரகர்கள் கூட்டிப்போவது அப்போதுதான். ஐப்பசியில் போய், விற்பவர் இல்லாத நேரத்தில் டீக்கடையிலும் மாடு மேய்ப்பவரிடமும் 2015-இல் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். பழைய சுவரில் கறை இருந்தால் அளந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிக் குடியேறிவிட்டவர்களுக்கு இரண்டு வேலை. கடனோடு சேர்த்து எடுத்த இன்சூரன்ஸ் வீட்டுக்கா, கடன் வாங்கியவரின் உயிருக்கா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் உயிருக்குத்தான் இருக்கும், வெள்ளத்துக்கு அது ஒரு காசு தராது. 2021 ஏப்ரலிலிருந்து எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் கிடைக்கும் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசியில் வெள்ளமும் புயலும் உண்டு.

இரண்டாவது, தெருவாகச் சேர்ந்து செய்வது. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும், பாதிப்புக்குள்ளாகும் பகுதிகள் அதில் இடம்பெற வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். மாவட்ட இணையதளத்தில் தேடி உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மோட்டாரும் படகும் உங்கள் தெருவுக்கு வருவது யார் யாருக்கு போன் செய்தார் என்பதைப் பொறுத்துத்தான். தண்ணீர் நின்ற உயரத்தை மின்கம்பத்திலும் பள்ளிச் சுவரிலும் தேதியோடு பெயின்ட்டில் குறித்துப் படமெடுங்கள். ஊராட்சி என்றால் அக்டோபர் 2 கிராம சபையில், பட்டியலில் சேர்க்கக் கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கி, அதில் எண்ணும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் படங்களோடு கலெக்டரிடம் கொடுங்கள். அங்கே தரும் மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். தண்ணீர் வந்த இரவில் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குக் கூப்பிடும்போதும் அந்த மனு எண்ணைச் சொல்லுங்கள்.