'சும்மா கேம்தானே?': விஆர் ஹெட்செட்டில் பேய் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கும் 'விஆர்' மாலுக்கும் விர்ச்சுவல் ரியாலிட்டிக்கும் சம்பந்தமில்லை. அது விர்ச்சுவஸ் ரீடெய்ல் நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். ஆனால் நகரத்தின் கேமிங் சென்டர்களில் நிஜ விஆர் இப்போது சகஜம். டீம் அவுட்டிங்கில் "சும்மா கேம்தானே" என்று ஹெட்செட்டை மாட்டும் நண்பர், இரண்டே நிமிடத்தில் அலறிக்கொண்டு கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி?

டிவியில் ஆடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எவ்வளவு பெரிய டிவியாக இருந்தாலும் அதற்கு ஓரம் உண்டு. பயந்தால் சுவரைப் பார்க்கலாம், போனை எடுக்கலாம். ஹெட்செட்டில் எங்கே திரும்பினாலும் அந்த இருட்டு வீடுதான். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் போவதால் ஆழம் தெரிகிறது. தலை திரும்பினால் சில மில்லி விநாடிகளில் காட்சியும் திரும்புகிறது. 'நான் அந்த இடத்தில்தான் இருக்கிறேன்' என்று மூளை எடுத்துக்கொள்வதை, ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் 2009இல் 'இடம் குறித்த மாயை' என்று விளக்கினார். இது கேம் என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் இதயத் துடிப்பு அதைக் கேட்பதில்லை.

கேம் தயாரிப்பாளர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

கேப்காம் 2015இல் காட்டிய 'கிச்சன்' டெமோவில் நீங்கள் நாற்காலியில் கட்டப்பட்டிருப்பீர்கள். ஆடுபவரும் நிஜத்தில் கன்ட்ரோலரைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதால் உடலும் கதையும் ஒன்றாகிவிடும். 2017 ஜனவரியில் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 7' கேமை பிளேஸ்டேஷன் விஆரில் முழுவதுமாக ஆட முடிந்தது. 2020இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' கேமில் கண் தெரியாத ஒரு ஜந்து சத்தத்தை வைத்து உங்களைத் தேடும். இருமல் வராமலிருக்க உங்கள் கையையே வாயருகே கொண்டுபோய்ப் பொத்த வேண்டும். பட்டனை அழுத்துவது வேறு, வாயைப் பொத்தி நிற்பது வேறு!

தலை ஏன் சுற்றுகிறது?

கண் 'நடக்கிறோம்' என்கிறது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு 'நிற்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம்.

இதே பயம் மருந்தாகுமா?

ஆகும். உயரத்தைக் கண்டு பயப்படுபவர்களுக்கு விஆர் மூலம் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை பலன் தந்ததை 1995இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கே எவ்வளவு பயம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் நோயாளியின் சம்மதத்தோடு நடக்கும். ஹாரர் கேம் அந்தக் கட்டுப்பாட்டைப் பிடுங்குவதில்தான் சுவாரஸ்யம் காண்கிறது.

அப்போ என்ன செய்யலாம்?

'ரோலர் கோஸ்டர் மாதிரி இருக்கும்' என்று ஏமாற்றி நண்பருக்கு ஹாரர் கேமை மாட்டிவிடாதீர்கள். வீடியோ எடுக்க ஜாலியாக இருக்கலாம். பானிக் அட்டாக் வருபவருக்கு அது ஜாலி இல்லை. இதயப் பிரச்சினை, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆட வேண்டாம். முதல் தடவை உட்கார்ந்தபடி, பத்து நிமிடம் போதும். 'போதும்' என்று ஒருவர் சொன்னால் உடனே கழற்றிவிட வேண்டும்.

அதன்பிறகும் பயம் நாள்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை இலவசமாக அழைக்கலாம். அதன் தேசிய மையம் பெங்களூரு நிம்ஹான்ஸில்தான் இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.