கம்பளத்தின் முத்திரை

நெய்க் கலத்தின்மீது 'அக்மார்க்' முத்திரை இருத்தலை மாணவர் பலரும் கண்டிருப்பர். 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த அம்முத்திரை, நெய்யின் தரத்திற்குச் சான்று. ஆயினும், ஒரு பொருள் தூயது என்பது வேறு. அது தூய வழியில் செய்யப்பட்டது என்பது வேறு. முன்னதைச் சோதனைக்கூடம் காட்டிவிடும். பின்னதைக் காட்டுவது எளிதன்று. கம்பளத் தொழிலில் அதற்கு எழுந்த முயற்சி அறியத்தக்கது.

உத்தரப்பிரதேசத்தில் பதோஹி, மிர்சாப்பூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்கள் கம்பள நெசவிற்குப் பெயர் பெற்றவை. பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் இட்டு ஒரு கம்பளத்தை நெய்து முடிக்கப் பல திங்கள் ஆகும். அவை ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் செல்கின்றன. 1980-களில் அத்தறிகளின் முன்னே சிறுவர் பலர் அமர்ந்திருந்தனர். ஏழைப் பெற்றோர்க்குச் சிறு முன்பணம் கொடுத்துத் தரகர்கள் பீகாரிலிருந்து கொணர்ந்த பிள்ளைகளும் அவருள் உண்டு. கம்பளித் துகள் அவர்தம் மூச்சில் புகுந்தது. குனிந்தே இருந்து முதுகு வளைந்தது. சிறு விரல்களே நுண்ணிய முடிச்சு இடவல்லன என்று முதலாளிமார் சிலர் காரணங் கூறினர். அது பொருந்தாக் கூற்று. மிக நுண்ணிய கம்பளங்களை நெய்வோர் பல்லாண்டு பழகிய பெரியவர்களே. சிறுவரை நாடியது விரலுக்காக அன்று, குறைந்த கூலிக்காக.

1986-ஆம் ஆண்டுச் சட்டம், 14 வயது நிரம்பாதோரைக் கம்பள நெசவில் அமர்த்துதலைத் தடுத்தது. எனினும் குடும்பத்தார் உதவியுடன் நடைபெறும் பட்டறைகளுக்கு அது விலக்களித்தது. தறிகளோ வீடுதோறும் இருந்தன. அதிகாரி வருங்கால், அயலூர்ப் பிள்ளையும் தம்பி மகன் ஆகிவிடுவான் அன்றோ!

இந்நிலையில், குழந்தைத் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட கைலாஷ் சத்தியார்த்தியும் பிறரும் முயன்றதன் பயனாக, 1994-ஆம் ஆண்டில் 'ரக்மார்க்' என்னும் முத்திரை பிறந்தது. இதனை விரும்பும் ஏற்றுமதியாளர் தம் தறிகள் அனைத்தையும் பதிவு செய்தல் வேண்டும். சிறுவரை அமர்த்தாமல், வளர்ந்தோர்க்கு உரிய கூலி அளித்தல் வேண்டும். தறி உடையவரின் சொந்தப் பிள்ளை உதவலாம்; ஆனால் அவன் தவறாது பள்ளி செல்பவனாக இருத்தல் வேண்டும். ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வந்து பார்ப்பர். கம்பளத்தின் பின்புறம் தைக்கப்படும் முத்திரையில் ஓர் எண் இருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு, எவ்வூரில் எத்தறியில் அது நெய்யப்பட்டது என்று கண்டறியலாம். இம்முத்திரையின் உயிர் அவ்வெண்ணிலேயே உள்ளது எனலாம். தம் சரக்கைத் தாமே புகழ்ந்து அச்சிட்டு ஒட்டும் வணிகர் சீட்டிற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அதுவே.

குறை இல்லாமலில்லை. எண்ணற்ற சிற்றூர்களில் சிதறிக் கிடக்கும் தறிகளை நாள்தோறும் காத்தல் எவர்க்கும் இயலாது. மேலும், தறியிலிருந்து விலக்கிய சிறுவனை வெறுங்கையனாக விடுத்தால், அவன் வேறொரு பட்டறையை அடைவான். ஆதலின் இறக்குமதி வணிகர் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பகுதி, மீட்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கு ஒதுக்கப்பட்டது.

2009-ஆம் ஆண்டில் இம்முத்திரை 'குட்வீவ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. சத்தியார்த்திக்கு 2014-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கம்பளத்தின் முகத்தில் பூவும் கொடியும் பொலிய, அயல்நாட்டில் அதனை வாங்குவோருள் சிலர் முதலில் அதனைப் புரட்டிப் பின்புறத்தையே நோக்குகின்றனர்.