நல்லெண்ணெயும் நரம்பு நோயும்



பெண் பிள்ளை பருவமெய்தியதும் அவளுக்கு நல்லெண்ணெய் கொடுத்து உடலைத் தேற்றுவது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். பிள்ளையின் நலங்கருதி அன்போடு அளிக்கப்பெற்ற அவ்வெண்ணெயே ஒரு காலத்தில் மலையகத் தோட்டத்துச் சிறுமியர் பலரின் கால்களை முடக்கியது. அது எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிந்தால், நரம்பு நோய்களைப் பற்றியும் அவற்றுக்குச் சிகிச்சை தேடும் முறையைப் பற்றியும் நாம் பல உண்மைகளைத் தெளியலாம்.

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் வெவ்வேறு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமியருக்குக் கைகால்கள் திடீரெனத் தளர்ந்தன. தொற்றுநோயாயின் ஆண் பெண், சிறியோர் முதியோர் என்ற வேறுபாடின்றி லயமெங்கும் பரவக்கூடும். இதுவோ அண்மையில் பருவமெய்திய பெண் பிள்ளைகளையே தேடிப் பிடித்ததுபோல் தோன்றியது. அவர்களுக்கு மட்டும் தனியே ஊட்டப்படுவது யாது? இக்கேள்வியே விடைக்கு வழிகாட்டியது. நரம்பியல் வைத்தியர் நிமால் சேனாநாயக்கவும், ஜே. ஜெயரட்ணமும் இதனை ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். அச்சிறுமியர் உட்கொண்ட நல்லெண்ணெயில் டிரைகிரெசில் பொஸ்பேற்று என்னும் இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிற் சேர்க்கப்படும் பொருள் அது. முன்னர் கனிய எண்ணெய் இருந்த கொள்கலங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிபு. வழக்கத்திற் குற்றமில்லை, எள்ளிலும் குற்றமில்லை, குற்றம் கலத்தில் இருந்தது.

இத்தகைய துன்பம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்நஞ்சு கலந்த இஞ்சிச் சாற்றைப் பருகிப் பல்லாயிரவர் முடமாயினர். 1959இல் மொரோக்கோ நாட்டில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறக்குறைய பதினாயிரம் பேர் பாதிக்கப்பட்டனர்.

இந்நஞ்சு உடனே தன்னை வெளிப்படுத்துவதில்லை. உண்டபின் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே கெண்டைக்கால் வலிக்கும். பின்னர் பாதம் தொங்கும். அதன்பின் கைகளும் தளரும். முள்ளந்தண்டிலிருந்து பாதம்வரை செல்லும் நீண்ட நரம்பிழைகளே முதலில் நுனியிலிருந்து பட்டுப்போவதுதான் இதற்குக் காரணம். புற நரம்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் மீண்டும் வளரவல்லன. ஆதலால் கைகள் விரைவிலும் கால்கள் தாமதமாகவும் தேறும். முண்ணாணும் பழுதுற்றிருப்பின், கால்களில் விறைப்பு நிலைத்துவிடும்.

கைகால் தளர்ச்சியெல்லாம் ஒரே நோயன்று. ஆண் குழந்தை நிலத்திலிருந்து எழத் தன் தொடையைப் பிடித்துக்கொண்டு ஏறுமாயின், அது தசையழிவு நோயாக இருத்தல் கூடும். மாலையில் இமை சரிந்து, பேச்சுக் குழறுவது நரம்பும் தசையும் கூடுமிடத்துக் கோளாறாகலாம். அதனைக் கட்டுப்படுத்த மருந்துகள் உள்ளன. காலிலிருந்து சில நாட்களிலேயே மேல்நோக்கி ஏறும் தளர்ச்சி மூச்சையும் நிறுத்தக்கூடும். அங்கே ஒரு மணி நேரமும் வீணாகலாகாது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கைகால் துவண்டால், இளம்பிள்ளைவாதம் அன்றென உறுதி செய்யும் பொருட்டு அதனைச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தல் இலங்கையில் கட்டாயமாகும்.

எனவே, தோட்ட வைத்திய அதிகாரியிடம் முதலிற் காட்டுங்கள். அட்டன் பகுதியினர் டிக்கோயா வைத்தியசாலைக்கும், ஏனையோர் நுவரெலியா வைத்தியசாலைக்கும் சென்று, அங்கிருந்து கண்டியிலுள்ள நரம்பியல் நிபுணரிடம் செல்லக் கடிதம் பெறலாம். ஒரு நாள் கொழுந்துச் சம்பளம் போய்விடுமே என்று தாமதித்தால், பிள்ளையின் கால் போய்விடக்கூடும். செல்லும்போது, தளர்ச்சி என்று தொடங்கியது, எங்கே தொடங்கியது, அதற்கு முன் ஒரு மாதத்தில் உண்டவை, பூசியவை, தெளித்த பூச்சிமருந்து எவை என்பவற்றை எழுதிச் செல்லுங்கள். வீட்டிலுள்ள எண்ணெய்ப் போத்தலையும் கொண்டு செல்லுங்கள்.

நாட்டு வைத்தியத்தை நாடுவோரை நான் பழிக்கவில்லை. இதமான தைலத் தேய்ப்பு வலிக்கு ஆறுதல் தரும். ஆனால் உணர்விழந்த பாதத்திற்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும். உள்ளடக்கம் அறியாத எண்ணெயையோ சூரணத்தையோ உள்ளுக்குக் கொடுத்தல் ஆகாது. இவ்வெண்ணெய் நஞ்சை முறிக்க மருந்தில்லை. தேகப்பயிற்சியும், பாதம் தொங்காது தாங்கும் அணைகட்டும், பொறுமையுமே துணை.

இயந்திர எண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த தகரமும் பீப்பாயும் எத்தனை முறை கழுவினாலும் சமையலறைக்கு உதவா. முத்திரையிட்ட போத்தலில் எண்ணெய் வாங்குங்கள். பிள்ளைக்கு ஊட்டும் அன்பு, அதனை ஊற்றிவந்த கலத்தையும் ஒருமுறை நோக்கட்டும்.