அரிச்சந்திரன் மலையும் நான்காவது தூணும்

நம் ஊர்ப்பக்கம் ஒருவன் உண்மையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும், "ஆமா, இவரு அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடு" என்று கேலி பேசுவார்கள். அந்த அரிச்சந்திரன் பேரில் மராட்டிய மண்ணில் ஒரு மலையே நிற்கிறது. மும்பை, புனே வாழ் தமிழ்ப் பிள்ளைகள் பலர் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வருகிறார்கள். ஆனால் கதையைக் கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் கவலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காகவும் நான் பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அகமத்நகர் மாவட்டத்தில் (2024 முதல் அகில்யாநகர்) சஹ்யாத்திரி மலைத்தொடரில் உள்ளது ஹரிச்சந்திரகட் கோட்டை. ஏற வழிகள் பல. மால்சேஜ் கணவாய்ப் பக்கம் கீரேஷ்வர் வழி நீளமானது. 'நளீச்சி வாட்' என்னும் செங்குத்து வழி பழகியவர்களுக்கு மட்டுமே. அறுபது தாண்டிய நான் எல்லாவற்றிலும் எளிதான பச்னை கிராமத்து வழியில் ஏறினேன். நிதானமாக நடந்தால் இரண்டு மூன்று மணி நேரம். மேலே கூடாரமும் சாப்பாடும் கிராமத்தாரே தருகிறார்கள். நாங்கள் நயினார் குடும்பம், இருட்டின பிறகு உண்பதில்லை. விவரம் சொன்னதும் பொழுது சாயுமுன்னே சூடான பாக்ரியும் பிட்லாவும் வந்துவிட்டன.

மலையின் மூன்று சிகரங்களுக்கு ஹரிச்சந்திரன், தாராமதி, ரோகிதாஸ் என்று பேர். 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட தாராமதியே உச்சி. தாராமதி யாரென்று குழம்ப வேண்டாம். நம் கூத்து மேடையில் மயானத்தில் புலம்பும் சந்திரமதிதான் அவர். ரோகிதாஸ் நம் லோகிதாசன். கணவன் சிகரத்தைவிட மனைவி சிகரம் உயரம்! அவள் பட்ட பாட்டுக்கு அது நியாயந்தானே?

கோயிலுக்குச் சற்றுக் கீழே கேதாரேஷ்வர் குகை. நடுவில் பெரிய சிவலிங்கம், சுற்றிலும் இடுப்பளவு நீர், கோடையிலும் உறைய வைக்கும் குளிர்ச்சி. லிங்கத்தைச் சுற்றி இருந்த நான்கு தூண்களில் மூன்று உடைந்துபோய் ஒன்றுதான் முழுசாக நிற்கிறது. நான்கு தூண்களும் நான்கு யுகங்கள், கடைசித் தூண் விழும் நாளில் கலியுகம் முடியும் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்லுவாங்க. மூன்று தூண் போயும் மேல்தளம் எப்படி நிற்கிறது? இது கல்லை அடுக்கிக் கட்டிய மண்டபம் அன்று, மலையையே குடைந்த குகை. பாரத்தைத் தாங்குவது சுற்றியுள்ள பாறை. சாங்கதேவர் இம்மலையில் தவமிருந்து 'தத்துவசாரம்' இயற்றினார் என்பதும் மரபு.

மேற்கே கொங்கண் கடா. நாகம் படம் எடுத்ததுபோல் உட்குழிந்த பாறை விளிம்பு. கீழே கொங்கணச் சமவெளியிலிருந்து வரும் காற்று பாறையில் மோதி நேரே மேலெழும்புவதால், இலை தழையை வீசினால் திரும்பி வருகிறது. மழைக்காலத்தில் அருவி நீரே மேல்நோக்கிப் பறக்கும். காலையில் முதுகுப்பக்கம் வெயிலும் எதிரே பள்ளத்தில் பனிமூட்டமும் இருந்தால், நம் நிழல் பனியில் விழுந்து அதைச் சுற்றி வட்ட வானவில் தோன்றும். கர்னல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1835இல் வெளியான கட்டுரையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அறியாத கண்ணுக்கு அது தேவதரிசனம். பனித்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம்.

அரிச்சந்திரன் கதை ஒரு மதத்துக்கோ மொழிக்கோ சொந்தமில்லை. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திராசாரியரின் சீடர் ராமசந்திரர் என்ற சமணத் துறவி அதை வடமொழி நாடகமாக்கினார். காந்தியடிகள் சிறுவயதில் பார்த்து உருகிய நாடகம் அது. 1913இல் பால்கே எடுத்த முதல் படமும் அதுவே. நம் கிராமத்துச் சுடுகாட்டில் இன்றும் அரிச்சந்திரன் கல் இருக்கிறது. அங்கே பாடையை இறக்கி, வெட்டியானாக நின்றவனிடம் அனுமதி கேட்ட பிறகே பிணம் உள்ளே போகும். அரசனும் அங்கே கூலியாள்தான் என்று அந்தக் கல் சொல்லுகிறது.

எங்கள் இல்லறத்தார்க்குரிய ஐந்து விரதங்களில் பொய்யாமையும் ஒன்று. தராசு பிடித்துப் பிழைத்தவன் என்பதால் சொல்லுகிறேன், ஐந்திலும் கடைக்காரனுக்குக் கஷ்டமானது அதுதான். எடையில் பத்துக் கிராம் குறைத்தால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத இடத்தில் நேராக நிற்பதைத்தான் சத்தியம் என்கிறோம். அந்தக் குகையில் நின்றபோது இதுதான் மனதில் ஓடியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மழை விட்ட பின், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை போங்கள். இது காட்டுயிர்ச் சரணாலயம், தங்கும் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடா விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள், அங்கே படுத்துத்தான் எட்டிப் பார்க்கணும். பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவாருங்கள். குகை நீரிலும் கோயில் குளத்திலும் சோப்புப் போட வேண்டாம். இரவில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சந்திரமதி கதையைத் தமிழில் சொல்லுங்கள். கேட்டு முடித்தவர்கள் மறுநாள் காலை அந்தச் சிகரங்களை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.